பாவித்த சாமானை விற்பதா, கொடுப்பதா?



பனி கரைந்து நிலவறையைத் துப்புரவாக்கத் தொடங்கினால், கனடாவில் எங்கள் வீடுகளில் ஒரு கதை எழும்பும். பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், தொட்டில், தள்ளுவண்டில், மூன்று பெட்டி உடுப்பு எல்லாம் அப்படியே கிடக்கின்றன. விற்றால் "காசுக்கு அலையினம்" என்பார்களோ, கொடுத்தால் "பழசைத் தலையில் கட்டினம்" என்பார்களோ என்று இரண்டு பக்கமும் எங்களுக்குக் கூச்சம்.

நல்ல மேசை, சைக்கிள், உறுதியான தள்ளுவண்டில் என்றால் விற்பதில் வெட்கம் ஒன்றுமில்லை. உடுப்பை ஒரு டொலருக்கு விற்கச் சனிக்கிழமை முழுக்க கராஜ் வாசலில் குந்தியிருப்பது எனக்குச் சரிவராது. தோய்த்து மடித்து, பெட்டியில் வயதை எழ்திப் புதிதாக வந்த குடும்பத்துக்குக் கொடுங்கோ. சிப் உடைந்த ஜக்கெற்றைக் கொடுக்காதேங்கோ. முதல் பனிக்காலத்தை ஆரோ தந்த சட்டையோடு கழித்தவர்கள் எங்களில் எத்தனை பேர்!

பெரிய தளபாடங்களை ரொறன்ரோவில் 1998இல் தொடங்கிய 'பேர்னிச்சர் பாங்க்' என்ற தொண்டு நிறுவனம் அகதிக் குடும்பங்களுக்கும், தங்குமிடங்களிலிருந்து வெளியேறுவோருக்கும் கொடுக்கிறது. வீட்டுக்கு வந்து ஏற்றுவதற்குக் கட்டணம் கேட்பார்கள். 'வல்யூ வில்லேஜ்' அப்படியல்ல, அது இலாபத்துக்கு நடக்கும் கடை.

ஆனால் குழந்தைச் சாமான்களில் விற்கவும் கூடாத, கொடுக்கவும் கூடாத சில இருக்கின்றன. "காசு வாங்கவில்லையே, சும்மாதானே கொடுக்கிறன்" என்பது இங்கே செல்லாது. 2011இல் நடைமுறைக்கு வந்த நுகர்பொருள் பாதுகாப்புச் சட்டத்தில், இலவசமாகக் கொடுப்பதும் 'விற்பனை' என்ற சொல்லுக்குள்தான் அடங்குகிறது.

பிள்ளையை நடுவில் இருத்தி உருட்டவிடும் சில்லு வைத்த வோக்கரைக் கனடா 2004இல் தடைசெய்தது. பிள்ளைகள் அதோடு படிகளில் உருண்டு விழுந்து தலையில் அடிபட்டதுதான் காரணம். நிலவறைப் படி இல்லாத வீடு எங்களிடம் எத்தனை? பக்கச் சட்டத்தை மேலும் கீழும் இறக்கக்கூடிய தொட்டிலின் விற்பனை 2016 டிசம்பர் 29 முதல் தடை. அந்தச் சட்டம் கழன்றால் வரும் இடைவெளியில் பிள்ளையின் கழுத்து இறுகலாம்.

கார் சீற்றைத் திருப்பிப் பாருங்கோ, காலாவதித் திகதி பிளாஸ்ரிக்கிலோ லேபலிலோ இருக்கும். திகதி முடிந்ததும், விபத்தில் அகப்பட்டதும் ஆருக்கும் உதவாது. பார்வைக்குப் புதிது போல இருப்பதுதான் கரைச்சல்.

தங்கச்சி மகளுக்குப் பிள்ளை பிறக்கப் போகுது என்று எடுத்து வைத்திருந்தால், அவவிடம் அந்தத் திகதியைக் காட்டிச் சொல்லுங்கோ, கோபிக்கமாட்டா. எறியும்போது வார்களை வெட்டிவிடுங்கோ, தொட்டிலைக் கழற்றி உடைத்துப் போடுங்கோ. குப்பை நாளுக்கு முதல்நாள் இரவே தெருவோரத்தில் வைத்ததை எடுத்துப் போகிறவர்களும் எங்கள் ஆட்கள்தான்.