மூஷிகம் புகட்டும் பாடம்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய பேச்சு)



எக்கருமத்தையும் பிள்ளையாரை வணங்கித் தொடங்குவது நம் மரபு. அவர் திருவடியின்கீழ் அடங்கியிருப்பது மூஷிகம். எதிர்த்து வந்த அசுரன் பெருச்சாளி வடிவெடுத்தபோது, விநாயகர் அவனை வாகனமாக்கி அடக்கிவைத்தார் என்பது புராணம். இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருளும் அந்த எலியினத்தைப் பற்றியதே. மனிதருக்குக் கொடிய நோயைத் தரும் வைரசுகளைச் சில காட்டெலிகள் தமக்கு யாதொரு கேடுமின்றிச் சுமந்து வாழ்கின்றன. இதனை உண்மை வரலாறு ஒன்றைக் கொண்டு காண்போம்.

அமெரிக்காவின் தென்மேற்கே நியூ மெக்சிக்கோ, அரிசோனா, கொலராடோ, யூட்டா என்னும் நான்கு மாநிலங்களும் ஒரு முனையிற் சந்திக்கின்றன. வறண்ட அந்நிலத்திலே நவாகோ என்னும் பழங்குடி மக்கள் வாழ்கின்றனர். 1993 ஆம் ஆண்டு மே மாதத்தில் அவர்களுள் ஓர் இளைஞன் திடீரென மூச்சுத் திணறி இறந்தான். அவன் ஓட்டப் பந்தய வீரன். நல்ல தேகசுகம் உடையவன். அவன் மணக்கவிருந்த பெண்ணும் சில நாட்களுக்கு முன்னரே அவ்வாறு இறந்திருந்தாள். விசாரித்தபோது, வேறு பலரும் இவ்வண்ணமே மாண்டமை தெரியவந்தது. முதலிற் காய்ச்சலும் தசைநோவும் கண்டன. பின்னர் நுரையீரலில் நீர் நிறைந்து உயிர் பிரிந்தது.

காரணம் தெரியாத இடத்திலே பழி முந்திக்கொள்கிறது. இதனை நவாகோக் காய்ச்சல் என்றே சிலர் அழைத்தனர். வேறு மாநிலத்துப் பள்ளியொன்றிற்கு விருந்தினராகச் செல்லவிருந்த நவாகோச் சிறுவரை வரவேண்டாமென்று தடுத்தனர். மைந்தரைப் பறிகொடுத்த மக்களே குற்றவாளிகள்போல நோக்கப்பட்டனர்.

சில வாரங்களுள் ஆய்வுகூடம் விடை கண்டது. நோய்க்குக் காரணம் ஹன்டா வைரசு இனத்தைச் சேர்ந்தது. 1951 முதல் 1953 வரை கொரியப் போரிலே 3,000 இற்கு மேற்பட்ட ஐக்கிய நாடுகள் படையினரைப் பீடித்த காய்ச்சலும் இவ்வினத்தால் வந்ததே. ஹோ வாங் லீ என்னும் கொரிய அறிஞர் 1976 இல் அதனை ஒரு வயலெலியின் நுரையீரலிலே கண்டறிந்தார். ஹன்டான் என்னும் ஆற்றின் பெயரே அதற்கு வழங்கிற்று. எனவே அமெரிக்காவிலும் எலிகளைப் பிடித்துச் சோதித்தனர். மான் சுண்டெலி என்னும் சிற்றெலிகளிலே நூற்றுக்கு 30 அளவில் வைரசு தொற்றியதற்கான அடையாளம் காணப்பட்டது.

இச்சுண்டெலி நோயுறுவதில்லை. நெடுங்காலப் பழக்கத்தால் எலியும் வைரசும் ஒன்றையொன்று பொறுத்து வாழ்கின்றன. எலிகள் சண்டையிட்டுக் கடிக்கும்போது வைரசு ஒன்றிலிருந்து மற்றொன்றிற்குச் செல்கிறது. எலியின் சிறுநீர், எச்சம், உமிழ்நீர் ஆகியவற்றோடு வெளியேறிக் காய்ந்து தூசியாகிறது. அத்தூசியைச் சுவாசிக்கும் மனிதனுக்கோ பழக்கமில்லாத விருந்தாளி அது. நுரையீரல் தாக்கப்பட்டவருள் ஏறக்குறைய நூற்றுக்கு 38 பேர் இறக்கின்றனர்.

அவ்வாண்டில் மட்டும் இது பெருகுவானேன்? முன்னரே மிகுந்த மழை பெய்து புல்லும் விதையும் செழித்தன. 1992 மே மாதத்தில் இருந்ததைவிட, 1993 மே மாதத்தில் சுண்டெலிகள் பத்து மடங்காயின. விஞ்ஞானிகள் கணக்கிட்டறிந்த இதனை நவாகோ முதியோர் முன்னமே அறிந்திருந்தனர். மழை மிகுந்து பைன் மரத்து விதைகள் மலிந்த ஆண்டுகளில் எலி பெருகும், சாவும் வரும் என்று அவர்கள் வைத்தியர்களிடம் எடுத்துரைத்தனர். எலி வாழும் உலகம் வேறு, மனிதர் வாழும் உலகம் வேறு. அதனை வீட்டுக்குள்ளே புகவிடலாகாது என்பது அவர்தம் முன்னோர் விதித்த ஒழுக்கம். அதனை மூடநம்பிக்கையென எண்ணியிருப்போர் வெட்கப்பட வேண்டியதாயிற்று.

நோயும் புதியதன்று. 1993 இற்கு முன்னர் பிடித்துச் சேமித்துவைத்த எலிகளின் திசுக்களிலும் அவ்வைரசு இருந்தது. பின்னர் வேறு மாநிலங்களிலும் எல்லா இனத்தவரிடையேயும் நோய் கண்டது. வைரசுக்கு முதலில் அவ்வட்டாரத்து இடப்பெயர்களைச் சூட்ட முனைந்தபோது மக்கள் மறுத்தனர். ஈற்றில் 'சின் நொம்பிரே' என்ற பெயர் நிலைத்தது. ஸ்பானிய மொழியில் அதன் பொருள் 'பெயரற்றது' என்பதாம். ஒரு மக்கள் கூட்டத்தின்மீது ஒட்டிய பழி இவ்வாறு சிறிது நீங்கிற்று.

இது தூரதேசத்துக் கதையென்று நாம் இருந்துவிட முடியாது. நம் நாட்டிலே எலிக்காய்ச்சலை அறியாத கமக்காரர் இல்லை. அது பற்றீரியாவால் வருவது. ஆயினும் எலிக்காய்ச்சலெனக் கருதப்பட்ட கண்டிப் பகுதி நோயாளர் சிலரின் இரத்தத்திலே ஹன்டா வைரசுக்கு எதிரான பிறபொருளெதிரிகள் இருந்தமையை 2011 இல் வெளியான ஆய்வொன்று காட்டியது.

ஆகவே இளைஞர்களாகிய நாம் செய்யத்தக்கவை சில உள. நெடுநாட் பூட்டிக்கிடந்த நெற்களஞ்சியத்தையோ அறையையோ திறந்தவுடன் விளக்குமாற்றை எடுக்கலாகாது. கதவு யன்னல்களைத் திறந்து அரைமணி நேரம் காற்றாட விடுக. கையுறை அணிந்து, எலி எச்சத்தைக் குளோரின் நீரால் நனைத்துச் சற்றுநேரம் ஊறவைத்தபின் துடைத்தெடுக்க. தானியத்தை மூடிவைக்க. சுவரிலுள்ள பொந்துகளை அடைக்க.

வேறொன்றும் உண்டு. 2020 இல் கொரோனா வந்தபோது நோயுற்றார் வீட்டை அயலார் எவ்வாறு நோக்கினர் என்பதை நாம் மறந்துவிடவில்லை. நோய் வந்தவரைக் கண்டு அஞ்சி ஒதுங்குவது எளிது. நோய் எங்கே வாழ்கிறது, எவ்வழி வருகிறது என்று பொறுமையோடு ஆராய்வது அரிது. அந்த அரிய பணியிலே ஆய்வுகூடத்துக் கருவியும் வேண்டும். முற்றத்திலே அமர்ந்து பழைய மழைக்காலங்களை நினைவுகூரும் பாட்டனாரும் வேண்டும். இச்சபையிலே இளையோரும் மூத்தோரும் ஒருங்கே அமர்ந்திருப்பது நமக்கு நம்பிக்கை தருகிறது.

மூஷிகத்தை அதற்குரிய இடத்திலே இருத்துவோம். மனிதரை மனிதராக மதிப்போம்.