கத்தக்குறிச்சி சாந்தி ஓடிய ஓட்டம்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியது)



கடன், வசூல், தணிக்கை எல்லாம் காலையிலேயே பேசியாச்சு. என்னை ஓட்டத்தைப் பத்திப் பேசச் சொன்னாங்க. திருச்சிப் பொண்ணு சுபா வெங்கடேசன் டோக்கியோ ஒலிம்பிக்ஸில் தொடர் ஓட்டம் ஓடினது உங்களுக்குத் தெரியும். அவங்களைப் பத்திப் பேசுவேன்னு நினைச்சிருப்பீங்க. ஆனா நான் பேசப்போறது பக்கத்து மாவட்டத்துக்காரி ஒருத்தியைப் பத்தி. புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சி, சாந்தி சௌந்தரராஜன்.

1981இல் பிறந்தவங்க. அப்பா அம்மா செங்கல் சூளைக் கூலிகள். அவங்க வெளியூர் சூளைக்குப் போயிட்டா, தம்பி தங்கச்சிகளைப் பார்த்துக்கிறது மூத்த பிள்ளையான சாந்தி. குடிசை வீடு, கரண்டு கிடையாது. ஓடக் கத்துக்கொடுத்தது தாத்தா. வீட்டு வாசல் மண்ணுலதான் பயிற்சி. பேத்திக்கு ஷூ வாங்கிக் கொடுத்ததும் அவர்தான். நம்ம வீட்டுப் பிள்ளை கபடிக்கோ ஓட்டத்துக்கோ போறேன்னா நாம முதல்ல என்ன சொல்றோம்? "பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு?" அந்தத் தாத்தா அப்படிக் கேட்கலை.

2006 டிசம்பர், தோஹா ஆசிய விளையாட்டு, 800 மீட்டர். மைதானத்தை ரெண்டு சுத்து சுத்தணும். சாந்தி 2 நிமிஷம் 3.16 வினாடியில முடிச்சாங்க. அந்த நேரத்துக்குள்ள நாம தீர்மானப் புத்தகத்தைத் திறந்து தேதி எழுதியிருப்போம், அவ்வளவுதான். மூணாவதா வந்த கஜகஸ்தான் பொண்ணுக்கும் இவங்களுக்கும் வித்தியாசம் 0.03 வினாடி. கண் இமைக்கிறதுக்குக்கூட அதைவிட அதிக நேரம் ஆகும். வெள்ளிப் பதக்கம் கிடைச்சது.

அப்புறம் நடந்ததைச் சொல்லத் தயக்கமாத்தான் இருக்கு, ஆனா சொல்லணும். நீ பெண்தானான்னு ஒரு சோதனை வெச்சாங்க. அதில் தேறலைன்னு சொல்லிப் பதக்கத்தைப் பறிச்சிட்டாங்க. பெண்ணாப் பிறந்து, பெண்ணா வளர்ந்த பிள்ளை. ஊக்கமருந்து சாப்பிட்டாங்கன்னு குற்றச்சாட்டு கிடையாது. ஒரு பொண்ணோட உடம்பைப் பத்திப் பத்திரிகையிலும் டி.வி.யிலும் பேசிப்பேசித் தீர்த்தாங்க. நம்ம தெருவுல நாலு பேர் நம்மைப் பத்திப் பேசினாலே வாசலுக்கு வர மாட்டோம். அந்தப் பிள்ளையைப் பத்தி உலகமே பேசுச்சு. வெளியே தலைகாட்ட முடியாம எவ்வளவு நொந்திருப்பாங்கன்னு உங்களுக்கே தெரியும்.

தமிழக அரசு மட்டும் கைவிடலை. அப்போ முதல்வரா இருந்த கலைஞர் 15 லட்சம் ரூபாய் கொடுத்தார். அந்தப் பணத்தை என்ன பண்ணாங்க? நாமளா இருந்தா கடனை அடைப்போம், வீட்டைக் கட்டுவோம், தப்பும் இல்லை. சாந்தி புதுக்கோட்டையில ஏழைப் பிள்ளைகளுக்கு ஓட்டப் பயிற்சி கொடுக்க அதைப் போட்டாங்க. பணம் தீர்ந்துபோச்சு. 2012இல் தினக்கூலி 200 ரூபாய்க்கு அதே செங்கல் சூளையில நின்னாங்க. செய்தியாகி ஊரே பார்த்த பிறகு, பெங்களூரு போய் பயிற்சியாளர் படிப்பு படிச்சாங்க. 2016இல் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் நிரந்தரப் பயிற்சியாளர் வேலை கிடைச்சது. பத்து வருஷப் போராட்டம். பதக்கம் இன்னும் திரும்பி வரலை. அது அநியாயம்தான், அதைச் சமாதானமாப் பேச எனக்கு மனசு வரலை.

இதைப் படிச்ச பிறகுதான் எங்க குழுவுல ஆறு பேர் காலையில ஓட ஆரம்பிச்சோம். ஓட்டம்னா பெரிய ஓட்டம் இல்லை. ரெண்டு நிமிஷம் நடை, ஒரு நிமிஷம் மெல்லோட்டம், மறுபடி நடை. உத்திர வீதியில முதல் நாள் கோலம் போட்டுட்டிருந்தவங்க எல்லாம் நிமிர்ந்து பார்த்தாங்க. பால்காரர் சைக்கிளை நிறுத்தி, "என்னக்கா, பஸ்ஸை விட்டுட்டீங்களா?"ன்னு கேட்டார். பத்தாம் நாள் யாரும் பார்க்கலை. இப்போ கோலம் போட்டவங்கள்ல ரெண்டு பேர் எங்ககூட ஓடுறாங்க.

எங்ககூட வர்ற ஒரு அக்காவுக்கு வயசு 52, சர்க்கரை இருக்கு. டாக்டரைக் கேட்டுட்டுத்தான் ஆரம்பிச்சாங்க. சர்க்கரை மாத்திரை போடுறவங்க, ஊசி போடுறவங்க வெறும் வயித்துல ஓடாதீங்க, மயக்கம் வரும். நெஞ்சுல வலியோ இறுக்கமோ வந்தா உடனே நிறுத்திட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்க. செருப்போட ஓட வேண்டாம், ஷூ வேணும். ஷூவுக்கு உள்கடன் உண்டான்னு அந்த அக்கா கேட்டாங்க. தலைவி சிரிச்சாங்க, ஆனா இல்லைன்னு சொல்லலை! சேலை, சுடிதார் எதுல வேணாலும் வாங்க. சேலைன்னா கொஞ்சம் தூக்கிக் கட்டிக்குங்க.

வீட்டுல பொம்பளப் பிள்ளை இருந்தா கூட்டிட்டு வாங்க. வர்ற ஞாயித்துக்கிழமை காலை அஞ்சரை மணி, தெற்கு உத்திர வீதி, ரெங்கா ரெங்கா கோபுரம் முன்னாடி நிப்போம். தண்ணி பாட்டில் அவங்கவங்க கொண்டு வந்துடுங்க.