பிள்ளைகளின் விடையும் பெரியோரின் பொறுப்பும்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் அரசுப் பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

 

இருபத்தைந்து ஆண்டுகளாகப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துவரும் அரும்பணியை ஆற்றும் இச்சங்கத்தின் விழாவில், பள்ளிக்குள் வந்துவிட்ட பிள்ளையைப் பற்றிச் சில சொல்ல விழைகின்றேன். வளரிளம் பருவத்தினரின் உடல்நலம் குறித்து இன்று பல ஆய்வுகள் நடைபெறுகின்றன. "புகையிலை பயன்படுத்தினாயா? பசியோடு இருந்தாயா? உன்னை யாரேனும் அடித்தார்களா?" எனப் பிள்ளைகளிடமே கேட்டு, அவர்கள் தரும் விடைகளைக் கூட்டி விழுக்காடு காண்கின்றனர். மருந்தும் உணவும் அறிவுரையும் எங்கே தேவை என்பதை முடிவு செய்ய அவ்விழுக்காடுகள் துணையாகின்றன. ஆதலின் அவ்விடைகள் எவ்வளவு மெய்யானவை என்பது நம் அனைவருக்கும் உரிய வினாவாகும்.

ஆசிரியப் பயிற்சியில் நாம் இரண்டு சொற்களைக் கற்றோம்: நம்பகம், ஏற்புடைமை. ஒரு தராசு ஒவ்வொரு முறையும் இரண்டு கிலோ கூட்டியே காட்டுமானால் அதில் நம்பகம் உண்டு, ஏற்புடைமை இல்லை. அமெரிக்க உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் 2000ஆம் ஆண்டில் ஓர் ஆய்வு நடந்தது. ஏறத்தாழ இரண்டு வார இடைவெளியில் ஒரே வினாத்தாளை இருமுறை தந்தனர். உயரமும் எடையும் பற்றி மாணவர்கள் இருமுறையும் பெரிதும் ஒத்த விடைகளையே எழுதினர். ஆனால் அளந்து பார்த்தபோது, சராசரியாக உயரத்தை 2.7 அங்குலம் கூட்டியும், எடையை 3.5 பவுண்டு குறைத்தும் எழுதியிருந்தமை தெரிந்தது. இரண்டு முறை ஒன்றையே கூறுவதால் மட்டும் ஒன்று உண்மையாகிவிடாது.

விளையாட்டுத்தனமும் உண்டு. அந்நாட்டிலேயே 1994-95இல் தொடங்கிய ஒரு பேராய்வில், தமக்குச் செயற்கைக் கையோ காலோ உண்டு என்று பள்ளியில் எழுதியவர்களுள் மிகப் பெரும்பாலோர்க்கு அவ்வாறு எதுவும் இல்லை என்பது வீட்டிற்குச் சென்றபோது புலனாயிற்று. அரிதாக உள்ள ஒரு நிலையைக் கணக்கெடுக்கும்போது இத்தகைய குறும்பர் சிலரே கணக்கைக் கவிழ்த்துவிடுவர்.

ஆயினும் குறும்பைவிட அச்சமே பெரிது. 1995இல் அமெரிக்காவில் 15 முதல் 19 வயது வரையுள்ள இளைஞர்களிடம் நடந்த ஆய்வொன்றில், ஒரு பகுதியினர் தாளில் விடை எழுதினர். மற்றொரு பகுதியினர் செவியில் ஒலிக்கும் வினாவைக் கேட்டுக் கணிப்பொறியில் தாமே விடையைப் பதித்தனர். பிறர் அறிய நாணும் ஒரு நடத்தையை ஒப்புக்கொண்டவர்கள் தாளில் 100க்கு 1.5 பேர்; கணிப்பொறியில் 5.5 பேர். நாடு ஒன்று, வயது ஒன்று, வினா ஒன்று. மறைவு கூடியது, "ஆம்" என்ற விடையும் கூடியது.

இனி நம் வகுப்பறைக்கு வருவோம். உலக நலவாழ்வு நிறுவனம் பல நாடுகளின் பள்ளிகளில் நடத்தும் ஆய்வில், "வீட்டில் போதிய உணவு இல்லாமையால் கடந்த 30 நாட்களில் எத்தனை முறை பசியோடு இருந்தாய்?" என்றொரு வினா உண்டு. வகுப்பாசிரியர் பின்னால் நிற்கிறார். பக்கத்து மாணவன் எட்டிப் பார்க்கிறான். இந்நிலையில் கூலிவேலை செய்யும் தாயின் மகள் என்ன எழுதுவாள்? "ஒருமுறையும் இல்லை" என்றே எழுதுவாள். அது பொய்யன்று, தாயின் மானத்தைக் காக்கும் செயல். ஆனால் அந்த ஒரு கோட்டினால் அவள் பசி கணக்கிலிருந்து மறைகிறது. அத்தகைய நூறு பிள்ளைகள் அவ்வாறே எழுதினால், "இப்பகுதியில் பசி இல்லை" என்று அறிக்கை கூறும். அறிக்கையில் இல்லாத பசிக்கு எவரும் சோறு ஒதுக்கமாட்டார்.

சொல்லாலும் பிழை நேரும். "புகையிலை" என்றால் பீடியும் சிகரெட்டுமே என எண்ணும் மாணவன், பாட்டி தரும் வெற்றிலையோடு சேர்ந்த புகையிலையைக் கணக்கில் கொள்ளான். "கடந்த 30 நாட்கள்" என்பதைவிட, "போன அமாவாசைக்குப் பிறகு" என்பதே பல பிள்ளைகளுக்கு விளங்கும்.

அப்படியாயின் பிள்ளைகளைக் கேட்பதே வீண் எனலாமா? கூடாது. அளக்கக் கூடியதை அளக்கவேண்டும். 2019-21இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வு, விரல் நுனியில் எடுத்த குருதியைச் சோதித்தே, 15 முதல் 19 வயதுப் பெண்களுள் 59.1 விழுக்காட்டினர்க்கு இரத்தசோகை உண்டு எனக் கண்டது. "உனக்குச் சோகை உண்டா?" என்று வாய்வினா கேட்டிருந்தால் இது வெளிப்பட்டிராது. ஆனால் பசியையும் அச்சத்தையும் மனத்துயரையும் எந்த ஊசியால் அளப்பது? அவற்றைப் பிள்ளை சொல்லித்தான் நாம் அறியமுடியும்.

உண்மையைப் பெற மிரட்டலும் ஒரு வழியாகப் பயன்பட்டதுண்டு. உமிழ்நீரைச் சோதித்தால் புகைத்தமை தெரிந்துவிடும் என்று முன்கூட்டியே சிறுவர்க்குக் காட்டியபின், புகைத்ததாக ஒப்புக்கொண்டோர் தொகை கூடியதை 1977இல் வெளியான ஓர் ஆய்வு எடுத்துரைத்தது. அவ்வழி நமக்கு வேண்டா. ஏற்கெனவே அஞ்சி வாழும் பிள்ளைக்கு இன்னோர் அச்சம் எதற்கு?

எனவே மூன்று வேண்டுகோள்கள். ஆசிரியர்களே! பிள்ளைகள் விடை எழுதும் நேரத்தில் அறையை விட்டு வெளியே செல்லுங்கள். தாளில் பெயர் எழுதச் சொல்லாதீர்கள். விருப்பமில்லாத வினாவை விட்டுவிடலாம் என்பதை முன்னரே கூறச் செய்யுங்கள். பெற்றோர்களே! மாலையில் வீடு திரும்பும் பிள்ளையிடம் "என்ன எழுதினாய்?" என்று துருவாதீர்கள். சங்கத்தாரே! ஆய்வாளர் வரும்போது, வினாக்களை நம் ஊர்ப் பேச்சில் ஒருமுறை பிள்ளைகளிடம் படித்துக்காட்டிப் பொருள் விளங்குகிறதா எனச் சோதிக்கச் சொல்லுங்கள்.

பள்ளியின் நற்பெயருக்காக விடைகளைத் திருத்தச் சொல்வோரும் உண்டு. குறை இல்லாத பள்ளி என்ற பெயரைவிட, குறையைச் சொல்லப் பிள்ளைகள் அஞ்சாத பள்ளி என்ற பெயரே மேலானது. பிள்ளை உண்மை சொல்கிறானா என்று கேட்குமுன், உண்மை சொல்ல அவனுக்கு இடம் தந்தோமா என்று நம்மை நாமே கேட்டுக்கொள்வோம்.