இளையோர் கையில் வாகனம். பெற்றோர் கையில் பொறுப்பு

 

புதிய காருக்குச் சந்தனமும் குங்குமமும் இட்டு, மாலை சூட்டி, தீபம் காட்டி, சக்கரங்களின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்துப் புறப்படுவது கிள்ளான் பள்ளத்தாக்கு ஆலயங்களில் அடிக்கடி காணும் காட்சியாகும். பல வேளைகளில் அந்தக் காரின் முன்னும் பின்னும் ‘பி’ என்னும் எழுத்து ஒட்டப்பட்டிருக்கும். எஸ்.பி.எம். தேர்வை முடித்த மகனோ மகளோ புதிதாக ஓட்டுநர் உரிமம் பெற்றிருக்கின்றார் என்பது அதன் பொருள். அருச்சனைத் தட்டை ஏந்தி நிற்கும் தாயின் வேண்டுதல் அன்று ஒன்றே ஒன்றுதான்: பிள்ளை நலமாகப் போய் நலமாகத் திரும்ப வேண்டும். அந்த வேண்டுதலுக்குத் துணையாக இல்லத்தில் பெற்றோர் செய்ய வேண்டுவது யாது என்பதே இவ்வுரையின் பொருளாகும்.

மலேசியாவில் 16 வயதில் மோட்டார் சைக்கிள் உரிமமும், 17 வயதில் கார் உரிமமும் பெறலாம். தேர்வில் வென்றவருக்கு முதல் 2 ஆண்டுகளுக்கு வழங்கப்படுவது தகுதிகாண் உரிமமே. அதனையே மக்கள் ‘பி’ உரிமம் என்கின்றனர். இக்காலத்தில் குற்றப்புள்ளிகள் பெருகினால் உரிமம் பறிபோகும். ஆனால், இரவு இத்தனை மணிக்கு மேல் தனியே ஓட்டலாகாது என்றோ, காரில் இத்தனை நண்பர்களை மட்டுமே ஏற்றலாம் என்றோ புதிய ஓட்டுநருக்கென்று தனி வரையறை இந்நாட்டில் இல்லை. நண்பகலில் ஓட்டும் அதே உரிமையோடு நள்ளிரவு 2 மணிக்கும் அவர் ஓட்டலாம்.

வேறு சில நாடுகள் அவ்வாறு விடுவதில்லை. நியூசிலாந்து 1987ஆம் ஆண்டிலேயே படிப்படியாக உரிமம் வழங்கும் முறையைக் கொண்டுவந்தது. அங்கு இடைநிலை உரிமம் பெற்றவர் இரவு 10 மணி முதல் காலை 5 மணி வரை தனியே ஓட்டுதல் கூடாது. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 18 வயது நிரம்பாத ஓட்டுநருக்கு முதல் 12 மாதங்களுக்கு இரவு 11 மணி முதல் காலை 5 மணி வரை தடை உண்டு. எனினும் வேலை, பள்ளி, மருத்துவம் ஆகிய தேவைகளுக்கு அங்கு விலக்கும் உண்டு. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 25 வயதுக்குட்பட்ட புதிய ஓட்டுநர், இரவு 11 மணி முதல் காலை 5 மணி வரை 21 வயதுக்குட்பட்ட ஒருவரை மட்டுமே உடன் ஏற்றிச் செல்லலாம்.

இந்நாடுகள் இரவைக் குறித்து இத்துணை கவலைப்படுவானேன்? உரிமம் பெற்றுத் தனியே ஓட்டத் தொடங்கும் முதற்சில மாதங்களே ஒருவருக்கு மிகுந்த ஆபத்துள்ள காலம். கைகள் பழகியிருக்கும், கண்கள் இன்னும் பழகியிரா. இருளில் தொலைவும் வேகமும் சரிவரப் புலப்படுவதில்லை. உறக்கம் கண்ணை அழுத்தும். வெறிச்சோடிய சாலை வேகத்திற்கு அழைப்பு விடுக்கும். ஒத்த வயது நண்பர்கள் மூவர் உடன் அமர்ந்துவிட்டால், அந்த அழைப்பை மறுப்பது 17 வயதில் எளிதன்று. ஓட்டுநர் பள்ளிப் பயிற்சியோ பெரும்பாலும் பகலில் நடைபெறுவது.

கிள்ளானிலிருந்து பிரிக்பீல்ட்ஸ் வரையிலான பயணத்தையே எடுத்துக்கொள்வோம். கூட்டரசு நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிள்களுக்கென்று தனிப்பாதை உண்டு. எனினும் அது குறுகியது, வளைவுகள் கொண்டது. கிள்ளான் துறைமுகத்தை நோக்கிச் செல்லும் கனரக லாரிகள் இரவிலும் ஓய்வதில்லை. திடீரென்று மழை கொட்டினால் சாலைக் கோடுகள் மறைந்துபோகும். இந்நாட்டில் ஆண்டுதோறும் ஏறக்குறைய 6,000 பேர் சாலை விபத்துகளில் உயிரிழக்கின்றனர். அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். ஆகவே, காரைப் பற்றி மட்டும் கவலைப்பட்டு, 16 வயது மகனின் மோட்டார் சைக்கிளை மறந்துவிடும் குடும்பம் பெரிய ஆபத்தை விட்டுச் சிறியதைக் காக்கின்றது.

2017ஆம் ஆண்டு பிப்ரவரி 18ஆம் நாள் ஜொகூர் பாருவில் நிகழ்ந்த துயரத்தை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். அதிகாலை ஏறக்குறைய 3 மணியளவில், மாற்றியமைக்கப்பட்ட மிதிவண்டிகளில் சென்ற பதின்ம வயதினர்மீது ஒரு கார் மோத, 8 பிள்ளைகள் மாண்டனர். காரோட்டியவர்மீதான வழக்கு பல ஆண்டுகள் நீடித்து, 2023ஆம் ஆண்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவரை விடுவித்தது. நீதிமன்றம் தன் கடமையைச் செய்தது. எட்டுக் குடும்பங்களின் இழப்பை எந்தத் தீர்ப்பாலும் ஈடுசெய்ய இயலாது. அந்த நேரத்தில் பிள்ளைகள் எங்கே இருக்கின்றனர் என்று ஒவ்வோர் இல்லமும் தன்னைக் கேட்டுக்கொள்ளும்படி அந்நிகழ்ச்சி செய்தது.

இளையோர் வாகனம் ஓட்டுவதும், அதற்குத் தந்தை பொறுப்பேற்பதும் தமிழருக்குப் புதிய செய்திகள் அல்ல. திருவாரூரில் மனுநீதிச் சோழனின் மகன் தேரேறி வீதியில் சென்றான். துள்ளி வந்த கன்று ஒன்று அவன் அறியாமலே தேர்க்காலில் அகப்பட்டு மடிந்தது. தாய்ப்பசு ஆராய்ச்சி மணியை அசைத்தது. ‘இளவரசர் வேண்டுமென்று செய்யவில்லை, கழுவாய் செய்தால் போதும்’ என்று அமைச்சர்கள் கூறினர். மன்னன் அதனை ஏற்கவில்லை. தன் மகனையே தேர்க்காலில் இட்டான். இறைவன் காட்சி தந்து கன்றையும் மகனையும் மீட்டருளினான் என்று பெரியபுராணத்தில் சேக்கிழார் பெருமான் பாடியருளினார்.

இவ்வரலாற்றை மன்னனின் நீதிக்குச் சான்றாகவே பலரும் கூறுவர். பெற்றோர் கொள்ள வேண்டிய பாடம் வேறொன்றும் அதில் உண்டு. மகன் தீயவன் அல்லன், பண்புள்ளவன். ஆயினும் விபத்து நேர்ந்தது. நல்ல பிள்ளை என்பதனால் மட்டும் சக்கரம் நின்றுவிடுவதில்லை. அன்று மாண்டவர் மீண்டது இறைவன் திருவருள். இன்று மருத்துவமனை வாயிலில் காத்திருக்கும் எந்தத் தந்தையும் அதனை எதிர்பார்த்து இருந்துவிட இயலாது. ஆகவே பெற்றோரின் நீதி, சக்கரம் உருண்ட பின்னர் அன்று, உருள்வதற்கு முன்னரே செயற்பட வேண்டும்.

அதனை நடைமுறையில் செய்வது எவ்வாறு? சட்டம் வகுக்காத எல்லையை இல்லம் வகுக்கலாம். முதல் 6 மாதங்கள் இரவு 10 மணிக்கு மேல் தனியே ஓட்டுவதில்லை என்று சாவியைக் கொடுக்கும் நாளிலேயே பேசி முடிவு செய்யலாம். அக்காலத்தில் தந்தையோ தாயோ அருகில் அமர்ந்து இரவிலும் மழையிலும் ஓட்டிப் பழக்க வேண்டும். தடுப்பது மட்டும் போதாது, பழக்குவதே பாதுகாப்பு. பின்னர் நேரத்தை ஒவ்வொரு மணியாகவும், உடன் வரும் நண்பர்களை ஒருவர் ஒருவராகவும் கூட்டலாம்.

குடும்பத்திற்கு உதவியாகப் பகுதிநேர வேலைக்குச் செல்லும் பிள்ளைகள் பலர் உளர். வேலை முடிய இரவாகும் எனில், செல்லும் வழியையும் திரும்பும் நேரத்தையும் முன்கூட்டியே அறிந்து அதற்கு மட்டும் விலக்களிக்கலாம். கம்யூட்டர் இரயில் ஓடும் வேளையில் அதனையே நாடச் செய்யலாம். மகளுக்கு மட்டும் நேரக் கட்டுப்பாடு விதித்து மகனை விட்டுவிடும் வழக்கமும் மாற வேண்டும். சாலை ஆண் பெண் என்று பார்ப்பதில்லை.

எல்லாவற்றிலும் முக்கியமானது ஒரு வாக்குறுதி. ‘களைப்பாக இருந்தாலோ, உடன் வந்தவர் மது அருந்தியிருந்தாலோ, எந்த நேரமாயினும் தொலைபேசியில் அழைக்கலாம், வந்து அழைத்துச் செல்வோம், அன்றிரவு ஒரு சொல்லும் கடிந்து பேச மாட்டோம்’ என்று பெற்றோர் சொல்லிவைக்க வேண்டும். ஏச்சுக்கு அஞ்சும் பிள்ளையே ஓட்டக்கூடாத நிலையிலும் ஓட்டி வருகின்றான். மேலும், தலைக்கவசம், இருக்கைப் பட்டை, கைப்பேசி ஆகியவற்றில் பெற்றோர் நடந்து காட்டுவதையே பிள்ளைகள் கற்பர். பல ஆண்டுகளாகப் பின் இருக்கையிலிருந்து தந்தையைப் பார்த்து வந்தவரே இன்று ஓட்டுநர் இருக்கையில் அமர்கின்றார்.

இத்தகைய விதிகளை இளைஞர்கள் ‘முட்டுக்கட்டை’ என்று கூறக்கூடும். தேர் இழுப்பதைக் கண்டவர்கள் அச்சொல்லின் மறுபொருளை அறிவர். பெரிய மரத்தேர் வீதி திரும்பும் இடத்தில், சக்கரத்தின் அருகே உயிரைப் பணயம் வைத்து முட்டுக்கட்டை இடுபவர்கள் தேரை நிறுத்துவதற்காக மட்டும் அதனை இடுவதில்லை. தேர் தடம் மாறாமல் திரும்பி, பத்திரமாக நிலைக்கு வந்து சேரவே இடுகின்றனர்.

வாகனத்திற்குப் பூசை செய்யும் நாளில், இல்லத்தின் விதிகளையும் பெற்றோரும் பிள்ளைகளும் ஒன்றாக அமர்ந்து வகுப்பார்களாக. புறப்பட்ட பிள்ளைகள் யாவரும் நலமே இல்லம் திரும்ப எல்லாம் வல்ல இறைவன் அருள்புரிவானாக.