வந்தியத்தேவன் கதைக்கு ரெஃபரன்ஸ் எங்கே?

இந்த வாரம் கோடிங் கிடையாது. பாடாலூர்ல எங்க வீட்டு மாடியில உட்கார்ந்து ரெக்கார்ட் பண்றேன். நடுவுல ஹைவே லாரி சத்தம் கேட்டா பொறுத்துக்கோங்க.

என் சித்தி பொண்ணு திருச்சியில பிஎச்.டி. பண்றா. பொன்னியின் செல்வன் பாத்திரங்களை வெச்சு வாட்பேட்ல நம்ம ஆளுங்க எழுதுற ஃபேன்ஃபிக்‌ஷன்தான் அவளோட தலைப்பு. "இதைப் பத்தி யாரும்மா ஆராய்ச்சி பண்ணியிருக்கா?"ன்னு கைடு கேட்டிருக்கார். அவ என்கிட்ட கேட்டா. நான் பெரிய டெக் ஆளு இல்லையா, ஒரு ஏஐ சாட்பாட்கிட்ட கேட்டு பத்து ரெஃபரன்ஸ் வாங்கி ரெண்டே நிமிஷத்துல வாட்ஸ்அப்ல தட்டிவிட்டேன். அதுல மூணு கட்டுரை உலகத்துலயே இல்லை. கமிட்டியில ஒருத்தர் தேடிப் பார்த்துட்டார். புரொபோசல் திரும்பி வந்துடுச்சு, ஒரு மாசம்தான் டைம். "அண்ணா, நீ உதவி பண்ணாமலே இருந்திருக்கலாம்"னு மட்டும் சொன்னா. திட்டியிருந்தா கூட பரவாயில்லை.

அதுக்கப்புறம் ரெண்டு பேரும் உட்கார்ந்து ஒழுங்கா தேடினோம்.

முதல் கதவு சுலபமா திறந்தது. டிரான்ஸ்ஃபர்மேட்டிவ் ஒர்க்ஸ் அண்ட் கல்ச்சர்ஸ்னு ஒரு ஆய்விதழ், 2008-ல இருந்து வருது. முழுக்க இலவசம், கட்டுரைகள் நிபுணர் மதிப்பீட்டுக்கு அப்புறம்தான் வெளியாகும். ஏஓ3 தளத்தை நடத்துற அதே அமைப்போடதுதான். அங்க ஒரு கட்டுரையைப் பிடிச்சா, அதோட கடைசிப் பக்கம் உங்களை ஹென்றி ஜென்கின்ஸோட 1992 புத்தகம் 'டெக்ஸ்சுவல் போச்சர்ஸ்' வரைக்கும் கூட்டிட்டுப் போயிடும். பின்னாடி போக அந்தப் பட்டியல், முன்னாடி வர கூகுள் ஸ்காலர்ல 'சைட்டட் பை' பட்டன். அவ்வளவுதான் வித்தை.

ஆனா அதெல்லாம் ஸ்டார் ட்ரெக் உலகம். வந்தியத்தேவனுக்கு என்ன பண்றது? ஷோத்கங்கால, அதாவது இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகள் கிடக்குற இடத்துல, ஃபேன்ஃபிக்‌ஷன்னு தமிழ் எழுத்துல போட்டா ஒண்ணும் உருப்படியா வரலை. நாங்க மாட்டினது இங்கதான். நம்ம தமிழ்த்துறைகள் இந்த வேலையை எப்பவோ வேற பேர்ல பண்ணிட்டாங்க. மறுவாசிப்பு, தொன்மம், மீட்டுருவாக்கம். இந்த வார்த்தைகளைப் போட்டுத் தேடினதும் வாசல் திறந்துச்சு. புதுமைப்பித்தன் 1943-ல 'சாபவிமோசனம்' எழுதி அகலிகையோட கதையை ராமாயணம் விட்ட இடத்துக்கு அப்புறம் தொடர்ந்தார் இல்லையா? அதோட ஆங்கில மொழிபெயர்ப்பு பவுலா ரிச்மன் 2008-ல கொண்டு வந்த தொகுப்புல இருக்கு. அவங்களோட 1991 தொகுப்பு 'மெனி ராமாயணாஸ்'லதான் ஏ.கே. ராமானுஜனோட 'முந்நூறு ராமாயணங்கள்' கட்டுரையும் இருக்கு.

பொன்னியின் செல்வனுக்கே விக்கிரமன் 'நந்திபுரத்து நாயகி'ன்னு தொடர்ச்சி எழுதினார். அது ஃபேன்ஃபிக்‌ஷனா? நான் ஆமாங்கறேன். அவ ஒத்துக்கலை. "அது பத்திரிகைக்கு எழுதினது, காசுக்கு எழுதினது. வாட்பேட்ல எழுதுற பொண்ணு எடிட்டர் இல்லாம, சன்மானம் இல்லாம எழுதுறா. அந்த வித்தியாசம்தான் என் தீசிஸே." எனக்கு வாயடைச்சுப் போச்சு. ரெஃபரன்ஸ் தேடப் போய் அவளுக்கு வாதமே கிடைச்சுடுச்சு.

இன்னொரு விஷயம். அந்த வாட்பேட் பொண்ணுங்க பாதி பேர் வீட்டுக்குத் தெரியாம எழுதுறவங்க. மேற்கோள் காட்டுறதுக்கு முன்னாடி ஒவ்வொருத்தருக்கும் மெசேஜ் அனுப்பி அனுமதி கேட்கிறா. ரெண்டு பேர் வேண்டாம்னுட்டாங்க, அந்தக் கதைகளை எடுத்துட்டா. அதுல ஒண்ணு நிஜமாவே நல்ல கதை, எனக்கு வருத்தம்தான்.

நேத்து ராத்திரி புதுப் பட்டியல் அனுப்பினா. இருபத்தி மூணு. ஒவ்வொண்ணையும் நானே திறந்து, பக்க எண் வரைக்கும் சரி பார்த்தேன். பதினேழாவதுல வருஷம் தப்பு. சொன்னேன். "சரிண்ணா"ன்னு பதில் வந்துச்சு. திங்கட்கிழமை கமிட்டி. அடுத்த எபிசோட்ல என்ன ஆச்சுன்னு சொல்றேன்.