படை போன செலவும் பாக்கி நிற்கும் பற்றுவழியும்

கட்டுரை படிக்க வந்திருக்கும் ஆய்வாளர்களே, சாத்தூர், சிவகாசி, வெம்பக்கோட்டை வட்டாரத்து ஆசிரியப் பெருமக்களே, ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வந்து பின்வரிசையில் அமர்ந்திருக்கும் பட்டாசுத் தொழிலாளத் தோழர்களே, மாணவச் செல்வங்களே, உங்கள் முன் தலைமையுரை ஆற்ற நிற்கிறேன்.

அந்நிய மண்ணில் படைத் தலையீடு, அதன் நிச்சயமின்மை, அதன் நிதிச்சுமை என்பது நம் பொருள். இதை ஏழாயிரம்பண்ணையில் வைத்துப் பேசுவானேன், டெல்லியில் அல்லவா பேச வேண்டும் என்று சென்னை நண்பர் ஒருவர் கேட்டார். டெல்லியில் முடிவெடுக்கிறார்கள், உண்மைதான். ஆனால் இந்த ஊர் அப்படிப்பட்ட தலையீட்டின் பற்றுவழியில் ஏற்கெனவே பெயர் ஏறிய ஊர் என்று அவருக்குச் சொன்னேன்.

1755இல் கர்னல் ஹெரான் தலைமையில் கிழக்கிந்தியக் கும்பினிப் படை மதுரை, திருநெல்வேலிச் சீமைக்குள் நுழைந்தது. ஆர்க்காட்டு நவாப் முகமது அலிக்குப் பாளையக்காரர்கள் கட்ட வேண்டிய கப்பத்தை வசூலித்துக் கொடுப்பதுதான் வந்த வேலை. பாளையங்களில் ஒன்றான நெற்கட்டும்செவலின் கோட்டைச் சுவரை உடைக்கப் போதிய பீரங்கி இல்லாமல் ஹெரான் திரும்பினார். வசூலான தொகை படையெடுப்புச் செலவுக்கே காணவில்லை. அவரை ராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தி வேலையை விட்டே நீக்கினார்கள். ஆனால் செலவு? அது நவாப்பின் பற்றில் எழுதப்பட்டது. நவாப் கும்பினி உத்தியோகஸ்தர்களிடமே கொடும் வட்டிக்குக் கடன் வாங்கினார். அந்தக் கடனை அடைக்கப் பாளையங்களின் மேல் மீண்டும் நெருக்கடி, கட்ட மறுத்தால் மீண்டும் படை, மீண்டும் செலவு. 1785 பிப்ரவரியில் எட்மண்ட் பர்க் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் நவாப்பின் கடன்களைப் பற்றிப் பேசிய நீண்ட பேச்சு இந்தச் சுழலைத்தான் கிழித்துக் காட்டியது. பின்னால் 1805இல் ஏற்பட்ட கர்நாடக ஆணையம் ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்து பார்த்தபோது, 3 கோடி பவுண்டுக்கு மேல் வந்த கோரிக்கைகளில் நியாயமானவை என்று ஏற்கப்பட்டது 30 லட்சம் பவுண்டுக்கும் குறைவு. மீதியெல்லாம் போலிக் கடன், ஊதிப் பெருக்கிய கடன்.

1792 உடன்படிக்கைப்படி கப்பம் வசூலிக்கும் அதிகாரம் நேராகக் கும்பினி கைக்கே போனது. 1799இல் மேஜர் பானர்மேன் பாஞ்சாலங்குறிச்சியைத் தாக்கினார். கட்டபொம்மன் அக்டோபர் 16ஆம் தேதி கயத்தாறில் தூக்கிலிடப்பட்டார். அதையொட்டிப் பறிமுதலான பாளையங்கள் பாஞ்சாலங்குறிச்சி, நாகலாபுரம், கோலார்பட்டி, காடல்குடி, குளத்தூர், அப்புறம் நாம் கூடியிருக்கும் இந்த ஏழாயிரம்பண்ணை. 1801இல் கர்நாடகம் முழுவதுமே கும்பினியின் ஆட்சிக்குள் வந்துவிட்டது. வசூலுக்கு ஆள் அனுப்பிய 1755இல் சென்னைக் கோட்டையில் இருந்த எவருக்கும் முடிவு இதுவாகும் என்று தெரிந்திருக்க நியாயமில்லை. படை ஒரு காரியத்துக்காகப் புறப்படுகிறது. போன இடத்தில் செலவே ஒரு புதுக் காரியத்தை உண்டாக்கிவிடுகிறது. என் உரையின் மையம் இதுதான்.

இனி நம் காலத்துக்கு வருகிறேன். 1987 மே இறுதியில் இலங்கை ராணுவம் வடமராட்சியில் பெருந்தாக்குதலில் இறங்கியது. யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குப் பொருளாதாரத் தடை. தமிழகம் கொதித்தது. ஜூன் 3ஆம் தேதி நிவாரணப் பொருள்களோடு போன நம் படகுகளை இலங்கைக் கடற்படை மறித்துத் திருப்பியது. மறுநாளே ஏ.என். 32 விமானங்கள், மிராஜ் போர் விமானங்கள் காவலுக்கு வர, யாழ்ப்பாணத்தின் மேல் பறந்து சுமார் 25 டன் நிவாரணப் பொருள்களைப் போட்டன. ஜூலை 29இல் கொழும்பில் பிரதமர் ராஜீவ் காந்தியும் இலங்கை அதிபர் ஜெயவர்த்தனாவும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். ஆயுதம் ஏந்தி நின்ற விடுதலைப் புலிகள் அதில் கையெழுத்திடவில்லை. சிங்களத் தரப்பிலும் கடும் எதிர்ப்பு. மறுநாள் அணிவகுப்பு மரியாதையின்போதே கடற்படை வீரர் ஒருவர் துப்பாக்கிக் கட்டையால் ராஜீவைத் தாக்கினார்.

ஒப்பந்தப்படி இந்திய அமைதிப்படை இலங்கைக்குப் போனது. அன்று இந்தியா கையைக் கட்டிக்கொண்டு இருந்திருக்க வேண்டும் என்று சொல்பவன் நானல்ல. இலங்கையில் தமிழர்களுக்கு எதிராக நடந்த 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு கடல் கடந்து வந்த மக்களைப் பார்த்த எவரும் அப்படிச் சொல்ல முடியாது. போவதற்கு நியாயம் இருந்தது. போனால் எவ்வளவு நாள், எவ்வளவு செலவு, எது நடந்தால் திரும்புவது என்ற கேள்விகளுக்கு மட்டும் விடை இல்லாமல் போனோம்.

முதலில் போன படையை யாழ்ப்பாணத்து மக்கள் மாலை போட்டு வரவேற்றார்கள். செப்டம்பர் 26இல் புலிகளின் திலீபன் உண்ணாவிரதத்தில் உயிர் நீத்தார். அக்டோபர் 5இல் பலாலியில் பிடிபட்டிருந்த புலித் தளபதிகள் குமரப்பாவும் புலேந்திரனும் தோழர்களோடு சயனைடு அருந்தினார்கள். அக்டோபர் 10இல் இந்தியப் படை யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றும் பவன் நடவடிக்கையைத் தொடங்கியது. காவலுக்குப் போன படை, போன மூன்றாம் மாதம் சண்டைக்காரப் படை ஆனது. மோதல் வந்தால் சில வாரங்களில் முடித்துவிடலாம் என்ற நம்பிக்கை டெல்லியில் இருந்ததை, அப்போது கொழும்பில் தூதராக இருந்த ஜே.என். திக்சித் தம் நூலில் பதிவு செய்திருக்கிறார். இதில் இறங்கினால் நெடுங்காலம் மாட்டிக்கொள்வோம் என்று எச்சரித்ததாகப் படைத் தலைமையில் இருந்த லெப்டினன்ட் ஜெனரல் தேபிந்தர் சிங் எழுதியிருக்கிறார். இரண்டு மதிப்பீடும் ஒரே அரசுக்குள் இருந்தவை. எது மேசையில் ஏறியது, எது ஏறவில்லை என்பதை ஆய்வாளர்கள் தேடிப் பார்க்க வேண்டும்.

அந்த அக்டோபரின் இரண்டு காட்சிகளை மட்டும் நின்று பார்க்க வேண்டுகிறேன். 11ஆம் தேதி நள்ளிரவைத் தாண்டி யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்து விளையாட்டுத் திடலில் ஹெலிகாப்டர்கள் வீரர்களை இறக்கின. புலித் தலைமையைப் பிடிப்பது திட்டம். செய்தி முன்பே கசிந்து, சுற்றிலும் துப்பாக்கிகள் காத்திருந்தன. சூடு தாங்காமல் மேற்கொண்டு ஆள் இறக்க முடியவில்லை. இறங்கிய சீக்கிய இலகு காலாட்படைப் பிரிவினர் 30 பேர் தனித்து நின்று, குண்டு தீரும் வரை மறுநாளும் போராடி, 29 பேர் மாண்டார்கள். ஒருவர் பிடிபட்டார். பஞ்சாபிலிருந்து வந்த அந்தப் பிள்ளைகளுக்கு அந்தத் திடலில் என்ன பகை?

அடுத்தது அக்டோபர் 21. அன்று தீபாவளி. நம் வட்டாரம் ஆண்டு முழுவதும் எந்த ஒரு நாளுக்காக உழைக்கிறதோ, அந்த நாள். அன்று யாழ்ப்பாணப் போதனா மருத்துவமனைக்குள் இந்திய வீரர்கள் நுழைந்து சுட்டார்கள். மறுநாள் காலை, குழந்தை நல மருத்துவர் ஒருவர் தாதியரோடு கைகளை உயர்த்திக்கொண்டு, நாங்கள் மருத்துவர்கள் என்று சொல்லியபடி வெளியே வந்தார், அவரையும் சுட்டார்கள். நோயாளிகளும் ஊழியர்களுமாக அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இதை 'முறிந்த பனை' நூலில் விரிவாகப் பதிவு செய்தவர்களில் ஒருவரான மருத்துவர் ராஜினி திராணகம 1989 செப்டம்பரில் தெருவில் சுட்டுக் கொல்லப்பட்டார். தமிழர்களைக் காப்பதற்கென்று போன படை தமிழர் மருத்துவமனையில் இதைச் செய்தது என்பதை நாம் தயங்காமல் சொல்ல வேண்டும். நம் வரிப்பணத்தில், நம் பெயரால் நடந்தது அது.

சில ஆயிரம் பேரோடு போன படை 80,000 பேர் அளவுக்குப் பெருகியது. 1,100க்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள் உயிரிழந்தார்கள். 3,000 பேருக்கு மேல் காயம். 1987 நவம்பர் 25இல் மாண்ட மேஜர் ராமசாமி பரமேஸ்வரனுக்குப் பரம் வீர் சக்கரம் கிடைத்தது. தமிழ்ப் பெயர் கொண்ட ஒரு வீரர், தமிழ் மண்ணில், தமிழரோடு சண்டையிட்டு இறந்தார். உயிரிழந்த பொதுமக்களுக்கோ இரு அரசுகளும் ஏற்கும் ஒரு கணக்கு இன்றுவரை இல்லை.

நிச்சயமின்மை என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் ஓர் ஆண்டு 1989. ஜெயவர்த்தனா அழைத்த படையை அவருக்குப் பின் வந்த பிரேமதாசா ஜூன் மாதம் வெளியேறச் சொன்னார். அதோடு நிற்காமல், இந்தியப் படையோடு மோதிக்கொண்டிருந்த புலிகளுக்கே அவர் அரசு ஆயுதம் கொடுத்தது. வரவேற்ற வீடு மாறிவிட்டது. நாம் வளர்த்த தமிழ்த் தேசிய ராணுவம் நம் படை கிளம்பியதும் கலைந்து, அதன் ஆயுதங்களும் புலிகள் கைக்கே போயின. 1990 மார்ச் 24இல் கடைசி வீரர்கள் திருகோணமலையிலிருந்து கப்பல் ஏறினார்கள். சென்னைத் துறைமுகத்தில் அவர்களை வரவேற்க முதலமைச்சர் கலைஞர் போகவில்லை. அவர் செய்தது சரியா என்பது இன்னும் வாதத்துக்குரியது. நான் இரண்டு பக்கத்தின் வலியையும் மதிக்கிறேன். சொன்ன இடத்துக்குப் போய்த் திரும்பிய சிப்பாய் மேல் எனக்குக் கோபமில்லை.

செலவு எவ்வளவு? 1,000 கோடி ரூபாய்க்கு மேல் என்பது பொதுவாக எழுதப்படும் தொகை. 1987 நாடு தழுவிய வறட்சி ஆண்டு என்பதை நினைவில் வையுங்கள். ஆனால் அந்த 1,000 கோடியோடு கணக்கு முடிந்துவிடவில்லை. கால் இழந்து வந்தவரின் ஓய்வூதியமும், விதவையின் குடும்ப ஓய்வூதியமும் இன்றைய வரவு செலவுத் திட்டம் வரை வந்துகொண்டிருக்கின்றன. 1991 ஜனவரியில் திமுக ஆட்சி கலைக்கப்பட்டது. மே 21இல் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தியும் அவரோடு பலரும் கொல்லப்பட்டார்கள். அந்தக் கொலையை விசாரித்த ஜெயின் கமிஷனின் இடைக்கால அறிக்கையால் 1997இல் குஜ்ரால் அரசே கவிழ்ந்து நாடு பொதுத்தேர்தலைச் சந்தித்தது. பத்தாண்டு கழித்து விழும் இந்தச் செலவை எந்தத் தலைப்பில் எழுதுவது?

இன்னொரு செலவு நம் கண்ணெதிரே இருக்கிறது. 1983 ஜூலை முதல் 1987 இறுதி வரை தமிழகத்துக்கு வந்த அகதிகள் 1,34,053 பேர் என்கிறது உள்துறைக் கணக்கு. ஒப்பந்தத்தை நம்பி 1989 ஆகஸ்டுக்குள் திரும்பியவர்கள் 25,585 பேர். படை வெளியேறி மீண்டும் போர் மூண்டதும், அந்த இரண்டாம் கட்டத்தில் வந்தவர்கள் 1,22,000 பேர். குல்லூர்சந்தை, அனுப்பன்குளம், கண்டியாபுரம் என்று நம் மாவட்டத்து முகாம்களில் வாழ்கிறவர்கள் இந்த வரிசையின் மக்கள். பத்துக்குப் பத்து அறையில் பிள்ளை பெற்று, அந்தப் பிள்ளைக்கும் பிள்ளை பிறந்துவிட்டது. குடியுரிமை இன்னும் இழுபறி. முகாமின் பெயரை மறுவாழ்வு முகாம் என்று மாற்றியதும், புது வீடுகள் கட்டித் தருவதும் நல்ல காரியங்கள்தாம். ஆனால் 1987இன் செலவுக் கணக்கில் இவர்களுடைய நாற்பது ஆண்டு ஏறவில்லை.

இது இந்தியாவுக்கு மட்டும் நேர்ந்ததன்று. 2002இல் ஈராக் போருக்கு 10,000 கோடி முதல் 20,000 கோடி டாலர் ஆகலாம் என்று சொன்ன வெள்ளை மாளிகைப் பொருளாதார ஆலோசகர் லாரன்ஸ் லிண்ட்சே, அதிகம் சொல்லிவிட்டார் என்று ஏச்சு வாங்கி, அந்த ஆண்டு முடிவதற்குள் பதவியை விட்டார். அதே ஆண்டு பொருளாதார அறிஞர் வில்லியம் நோர்தாஸ் போட்ட மதிப்பீடு 9,900 கோடி டாலரில் தொடங்கி 1.9 லட்சம் கோடி டாலர் வரை நீண்டது. ஒரே போருக்குக் கீழ்க்கணக்குக்கும் மேல்கணக்குக்கும் இருபது மடங்கு வித்தியாசம். நேர்மையான பொருளாதார அறிஞர் அப்படித்தான் சொல்ல முடியும். 2008இல் ஸ்டிக்லிட்ஸும் பில்ம்ஸும் கூட்டிப் பார்த்தபோது தொகை 3 லட்சம் கோடி டாலரில் நின்றது. அந்தப் போருக்கு அமெரிக்கர்கள் நம்மிடமும் ஒரு டிவிஷன் கேட்டார்கள். 2003 ஜூலை 14இல் வாஜ்பாய் அரசு மறுத்துவிட்டது. யாழ்ப்பாணத்து நினைவு அந்த முடிவில் இருந்திருக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

எல்லாத் தலையீடும் இப்படியே முடியும் என்று சொல்லவும் நான் தயாராக இல்லை. 1988 நவம்பர் 3இல் மாலத்தீவில் அதிபர் கயூமைக் கவிழ்க்க முயன்ற கூலிப்படையை, ஆக்ராவிலிருந்து அன்றிரவே பறந்த நம் வீரர்கள் முறியடித்தார்கள். காரியம் ஒன்று, அது முடிந்ததும் திரும்ப வேண்டும், அழைத்தவரும் மாறவில்லை. பட்டாசு ஆலையில் மருந்து அறைக்குள் நான்கு பேருக்கு மேல் கூடாது, கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும் என்பது இங்குள்ள ஒவ்வொரு ஃபோர்மேனுக்கும் தெரிந்த விதி. மருந்து வருமுன் வெளியேறும் வழி பார்க்கப்படுகிறது. மாலத்தீவில் அந்த வழி இருந்தது. யாழ்ப்பாணத்தில் இல்லை.

இந்தக் கருத்தரங்கிடம் நான் எதிர்பார்ப்பதைச் சொல்லிவிடுகிறேன். பாதுகாப்பு அமைச்சகம் 2021 ஜூனில் வெளியிட்ட கொள்கைப்படி, போர் ஆவணங்கள் சாதாரணமாக 25 ஆண்டில் பொதுவுக்கு வர வேண்டும். அமைதிப்படையின் கோப்புகள் 2015இலேயே அந்த வயதைத் தாண்டிவிட்டன. அவற்றை முழுமையாகத் திறக்கக் கோரும் தீர்மானம் ஒன்றை நாளை மாலை நிறைவமர்வில் முன்மொழிய விரும்புகிறேன். செலவுக் கணக்கு, பலி கணக்கு இரண்டும் அதில் சேர வேண்டும். அடுத்தது இளைய ஆய்வாளர்களுக்கு. ஆவணம் வரும் வரை காத்திராதீர்கள். இந்த மாவட்டத்தின் கரிசல் கிராமங்களிலிருந்து ராணுவத்துக்குப் போய், இலங்கையில் பணியாற்றித் திரும்பியவர்கள் இன்று அறுபதைத் தாண்டியிருப்பார்கள். முகாம்களில் 1987ஐயும் 1990ஐயும் கண்ணால் கண்ட பெரியவர்கள் இருக்கிறார்கள். இரு தரப்பையும் போய்ப் பாருங்கள், ஒலிப்பதிவுக் கருவியோடு போங்கள், அவசரப்படுத்தாமல் கேளுங்கள். நவாப்பின் கடனை ஆய ஆணையம் உட்கார்ந்தபோது சாட்சி சொல்ல வேண்டியவர்களில் பலர் இறந்துபோயிருந்தார்கள். இங்கே இன்னும் இருக்கிறார்கள்.

முதல் அமர்வைத் தொடங்கிவைக்கிறேன்.