119ஆம் இலக்க பஸ்



தெஹிவளைச் சந்தியில் 119ஆம் இலக்க பஸ் ஏறியவர்களுக்கு, கொண்டக்டர் மூச்சு விடாமல் அடுக்கும் பெயர்கள் பாடம்: நெதிமால, பெல்லன்வில, பொரலஸ்கமுவ, மஹரகம. இதில் கடைசிப் பெயரை எங்கள் வீடுகளில் யாரும் உரத்துச் சொல்வதில்லை. "அவவை மஹரகமவுக்குக் கொண்டு போகினமாம்" என்று குரலைத் தாழ்த்திச் சொன்னால் போதும். நோயின் பெயரே தேவையில்லை. அங்குள்ள புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு இப்போது 'அபேக்ஷா' என்று பெயர். சிங்களத்தில் நம்பிக்கை, எதிர்பார்ப்பு என்று பொருள். நமக்கும் அது அந்நியமான சொல் இல்லை. தேர்தலில் நிற்பவரை 'அபேட்சகர்' என்கிறோமே, அதே வேர்தான். அபேட்சகர்கள் தருகிற நம்பிக்கையை வைத்து இந்தச் சொல்லை எடை போட்டுவிடாதீர்கள்.

என் சின்னம்மா வவுனியாவிலிருந்து வந்து எங்கள் வீட்டில் தங்கி, மூன்று கிழமைக்கு ஒரு தடவை கீமோ ஏற்றிக்கொண்ட காலம் ஒன்று இருந்தது. மொத்தம் ஆறு தடவை. அரச ஆஸ்பத்திரியில் மருந்துக்குக் காசில்லை. ஆனால் வடக்கிலிருந்து வருகிறவர்களுக்கு இரவு பஸ், வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜ் அறை, கூடவே ஒரு துணை ஆள் என்று செலவு வேறு வழியாக வந்து சேரும். சின்னம்மாவுக்கு நாங்கள் இருந்தோம். அந்த அளவில் அவ கொடுத்து வைத்தவ.

முதல் மூன்று தடவை ஒருமாதிரிப் போயிற்று. நாலாம் தடவை, பஸ் பெல்லன்வில விகாரையடிக்கு வரும்போதே சின்னம்மாவுக்கு வயிற்றைப் பிரட்டத் தொடங்கிவிட்டது. மருந்து இன்னும் ஏறவே இல்லை. ஊசி குத்தவில்லை, வாட்டுக்குள் கால் வைக்கவில்லை. சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தா. காலையில் சாப்பிட்ட பிட்டில் பழி போட்டோம். தேசிக்காய் மணக்கக் கொடுத்தோம். "பஸ் ஒத்துக்கொள்ளேல்லை" என்று நாங்களே தீர்ப்பும் சொன்னோம்.

அன்றைக்கு மருந்து ஏற்ற வந்த தாதி சிங்களப் பெண். தமிழ் நோயாளிகளிடமே தமிழ் படித்தவர். வலி, ஊசி, சாப்பாடு, பயமா, இந்த அளவில்தான் அவருடைய தமிழ். பெயரைச் சொல்ல எனக்கு உரிமையில்லை. சின்னம்மாவின் கையைத் திருப்பி, நரம்பு தேடி, வெந்நீரில் நனைத்த துணியை அதன்மேல் வைத்துவிட்டுக் காத்திருந்தார். அப்போதுதான் கேட்டார்: "அம்மா, வாந்தி எந்த இடத்தில தொடங்குது? பஸ்ல எந்த இடம்?"

எனக்கு அது விசித்திரமாகப் பட்டது. எத்தனை தரம் எடுத்தது, என்ன சாப்பிட்டது என்று கேட்பார்கள். எந்த இடத்தில் என்று யார் கேட்பார்கள்? சின்னம்மா மட்டும் யோசிக்காமலே சொன்னா: "பன்சலையடியில, மிஸ்." விகாரையைத்தான் சொன்னா.

அவர் தலையாட்டிவிட்டு டொக்டரிடம் போனார். அடுத்த தடவைக்கு முதல் நாள் இரவே போடச் சொல்லி ஒரு குளிசை எழுதித் தந்தார்கள். அதைவிட, "அந்த பஸ்ஸில வராதீங்க" என்றார் மிஸ். அதன் பிறகு நாங்கள் ஓட்டோவில் நுகேகொடைக்குப் போய், ஹைலெவல் வீதியில் 138 எடுத்தோம். சுற்றுத்தான். ஐந்தாம் தடவை வாந்தி வரவில்லை. ஆறாம் தடவை கொஞ்சம் வந்தது. முழுதாக நின்றது என்று சொல்லமாட்டேன்.

இதன் சூட்சுமம் பிறகுதான் விளங்கியது. ரஷ்ய விஞ்ஞானி பவ்லோவின் நாய்க்கதை பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். சாப்பாடு வருமுன் மணியடித்து மணியடித்துப் பழக்கினால், வெறும் மணிச்சத்தத்துக்கே நாய்க்கு வாயூறும். மனித உடம்புக்கும் அதே பழக்கம் உண்டு. மருந்து ஏறிய பின் வந்த குமட்டலை உடம்பு, அதற்கு முன் கண்ட காட்சியோடும் மணத்தோடும் முடிச்சுப் போட்டு வைத்துக்கொள்கிறது. ஸ்பிரிட் மணம், வாட்டின் நிறம், ஒரு விகாரையின் மதில், எதுவும் மணியாகிவிடலாம். 1990களின் தொடக்கத்தில் ஒண்டான்செட்ரோன் என்ற மருந்து வந்து கீமோ வாந்தியைப் பெருமளவு அடக்கியது. ஆனால் முடிச்சு விழுந்த பிறகு வருகிற இந்த முன்கூட்டிய வாந்திக்கு அதன் பலம் குறைவு. பதற்றத்தைத் தணிக்கிற மருந்துதான் கூடக் கைகொடுக்கும்.

இதெல்லாம் தாதியர் பயிற்சியில் படித்திருப்பார் என்றுதான் நினைத்தேன். படித்தும் இருப்பார். ஆனால் சின்னம்மா விடவில்லை. "உங்களுக்கு எப்படி மிஸ் தெரியும்?" என்று கேட்டா. கொஞ்ச நேரம் சேலைன் துளி விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார். பதினேழு வயதில் அவரும் அப்படியொரு கட்டிலில் கிடந்தவராம். அவருக்கு அந்த மணி, அம்மா கைகழுவுகிற சவர்க்காரத்தின் வாசனை. இத்தனை வருடமாகியும் அந்தச் சவர்க்காரத்தை வீட்டுக்குள் எடுப்பதில்லையாம்.

கேட்டதால் சொன்னார். கேட்காவிட்டால் சொல்லியிருக்கமாட்டார். அதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

ஏனென்றால், நோயிலிருந்து எழும்பியவர் நோயாளியிடம் போய் நிற்பது அப்படி லேசான காரியமில்லை. 1952இல் நியூயோர்க்கில் டெரீஸ் லாசர் என்ற பெண்ணுக்கு மார்பு முழுவதையும் எடுத்துவிட்டார்கள். கையை எப்படித் தூக்குவது, பிளவுஸ் எப்படிப் போடுவது என்று சொல்லித்தர ஆளில்லை. தானே பழகினார். பிறகு அதே சத்திரசிகிச்சை செய்துகொண்ட பெண்களைத் தேடி ஆஸ்பத்திரிகளுக்குப் போனார். கையில் ஒரு ரப்பர் பந்து, ஒரு கயிறு. பந்தைப் பிசைந்து கைக்குப் பலமேற்ற வேண்டும், கயிற்றைக் கதவின் மேல் போட்டு மாறி மாறி இழுக்க வேண்டும். அனுமதியில்லாமல் வாட்டுக்குள் நுழைகிறார் என்று அவரைத் துரத்தியவர்களும் உண்டு. ஆனாலும் விடவில்லை. 1969இல் அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம் அவருடைய இயக்கத்தைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. இந்தியாவிலும் இப்படி நடந்தது. நோயிலிருந்து மீண்ட வந்தனா குப்தா 1994இல் மும்பையில் 'வி கெயார்' அமைப்பைத் தொடங்கினார்.

துரத்தியவர்கள் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. "எனக்கும் வந்ததுதான், போயிற்று. உனக்கும் போயிடும்" என்று ஒருவர் சொல்லிவிடலாம். கேட்கிறவருடைய நோய் வேறு வகையாக, வேறு கட்டத்தில் இருந்தால் அந்தச் சொல் எவ்வளவு கொடுமை! தன் கதையை வைத்து மற்றவரின் உடம்பை அளக்கக்கூடாது. அதனால்தான் இப்படிப் போகிறவர்களுக்கு முதலில் பயிற்சி கொடுக்கிறார்கள். தாதியாகவே வருகிறவருக்கு மூன்று வருடப் படிப்பு இருக்கிறது. தனக்கு வந்த அதே நோயில் ஒரு பிள்ளை கண்முன்னே போய்விடும்போது அந்தப் படிப்பு எவ்வளவு தாங்கும் என்று நான் அவரிடம் கேட்கவில்லை. கேட்கத் துணிவு வரவில்லை.

இப்படி எழும்பியவரை என்னவென்று அழைப்பது? 'புற்றுநோயை வென்றவர்' என்று பத்திரிகைகள் எழுதுகின்றன. போர்க்களம் மாதிரி இருக்கிறது. தோற்றவர் என்று வேறு ஒருவரைச் சொல்லவேண்டி வரும். நம் வீடுகளில் 'சுகம் வந்தவ' என்பார்கள். அது எனக்குப் பிடிக்கும். ஆனால் சுகம் ஒரே நாளில் வந்துவிடுவதில்லை. ஃபிட்ஸ்ஹியூ மல்லன் என்ற அமெரிக்க டொக்டர், தானே அந்த நோய்க்கு ஆளானவர், 1985இல் இதை எழுதினார். சிகிச்சை நடக்கிற காலம், அது முடிந்தும் 'திரும்பி வருமோ' என்று காத்திருக்கிற நீண்ட காலம், பிறகுதான் நிலைத்த சுகம் என்று மூன்று பருவமாகப் பிரித்தார். நடுப் பருவத்தில் இருப்பவரை ஆஸ்பத்திரியும் மறந்துவிடுகிறது, வீடும் மறந்துவிடுகிறது.

இன்றைக்கென்றால் சின்னம்மாவுக்கு இவ்வளவு தூரம் அலைச்சல் இருந்திராது. 2011 ஜூலையில் நாதன் சிவகணநாதனும் சரிந்த உனம்புவேயும் முன்னின்று, தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை 27 நாள், ஏறக்குறைய 670 கிலோமீற்றர் நடந்தார்கள். வழிநெடுக மக்களும் சேர்ந்துகொண்டார்கள். சேர்ந்த பணம் தெல்லிப்பழைப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போனது. தெற்கில் வைத்த முதல் அடி வடக்கில் கட்டடமானது. அதை நினைத்தால் இன்னும் நெஞ்சு நிறைகிறது.

ஆறு தடவையும் முடிந்து, சின்னம்மா கிளினிக்குக்கு மட்டும் வந்து போகத் தொடங்கிய பிறகு ஒரு நாள். கையில் கிளினிக் கொப்பியோடு இலக்கத்துக்குக் காத்திருக்கும் கூட்டத்தில், வாங்கின் ஓரத்தில், தெரிந்த முகம் ஒன்று. வெள்ளைச் சீருடை இல்லை, தொப்பி இல்லை. சாதாரணச் சட்டை, மடியில் அதே மாதிரி ஒரு கொப்பி. அவருக்கும் அன்று செக்அப்.

என்னை நிற்கச் சொல்லிவிட்டுச் சின்னம்மா போய் அவருக்குப் பக்கத்தில் இருந்தா. தன் பையைத் திறந்து, பேப்பரில் சுற்றியிருந்த தேசிக்காயை எடுத்து அவர் கையில் வைத்தா.

"காலமை ஏதும் சாப்பிட்டனீங்களோ, மிஸ்?"